தானாக அழுத்தும் டச், பட்டையாகச் செத்த திரை: உப்புக்காற்றில் கெடும் கண்ணாடிகளைச் சரிபார்க்கும் முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து என் பழுதுபார்க்கும் மேஜைக்கு வரும் போன், படகு ஜிபிஎஸ், ஏலக்கூடத் தராசு எல்லாவற்றோடும் ஒரே பேச்சு சேர்ந்து வரும்: “கிளாஸ் போச்சு, மாத்திக் கொடுங்க.” திறந்து பார்த்தால் பல நேரம் கிளாஸ் போயிருக்காது. உப்பு ஏறியிருக்கும், அல்லது ஒரு ஸ்ட்ரிப் (திரையைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய நாடா) கழன்றிருக்கும். கடலில் பாடுபட்டுச் சம்பாதித்த காசை, மாற்றத் தேவையில்லாத கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு யாரும் போகக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திரைக் கண்ணாடியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தும். இண்டியம் ஆக்சைடோடு எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளீய ஆக்சைடு சேர்த்துச் செய்வது. தொழிலில் ஐடிஓ என்போம். தடிமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இந்தப் பூச்சுக்கு மூன்று எதிரிகள். வளைத்தால் விரிசல் விடும். ஆசிட் பட்டால் கரையும். உப்பு ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் அரிக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை நூறு ஆண்டுக்கு மேல் பெயின்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றினார்கள். அதே காற்றுதான் போனின் சார்ஜிங் ஓட்டைக்குள்ளும் போகிறது.

இந்தப் பூச்சு ஒருமுறை போய்விட்டால் கடையில் வைத்துத் திரும்பப் பூச முடியாது. வெற்றிட அறைக்குள் பூசும் பூச்சு அது. அதனால்தான் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியாகத்தான் “பூச்சு போச்சு” என்ற முடிவுக்கு வரவேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர், 99 சதவீத ஐபிஏ (எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்று கேளுங்கள்), நூல் பிரியாத மெல்லிய துணி, பஞ்சு பட்ஸ், டார்ச், சாதாரண மல்டிமீட்டர். போனுக்கு ஒரு ஓடிஜி கேபிளும் (போனில் மவுஸ் மாட்ட உதவும் சின்ன கேபிள்) கம்ப்யூட்டர் மவுஸும் இருந்தால் பாதி வேலை சுலபம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. வீட்டு போர் தண்ணீரில் துடைக்காதீர்கள். நம் பக்கம் பெரும்பாலான போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். துடைத்துக் காயவிட்டால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் பரவாயில்லை. டிஸ்டில்ட் வாட்டர்தான் நல்லது.

பாத்ரூம் கழுவும் ஆசிட், எலுமிச்சைச் சாறு, தின்னர், பற்பசை எதையும் திரைப் பக்கம் கொண்டுவர வேண்டாம். கருவாட்டு வியாபாரி ஒருவர் தராசு டிஸ்பிளேயின் ஓரத்தில் படிந்த வெள்ளைப் படிவத்தை ஆசிட் தொட்ட பஞ்சால் துடைத்திருந்தார். பாத்ரூம் ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தொழிற்சாலையில் ஐடிஓவை வேண்டிய வடிவத்துக்குக் கரைத்தெடுக்க இந்த வகை அமிலம்தான் பயன்படுகிறது. படிவத்தோடு கண்ணாடி விளிம்பில் இருந்த கடத்திக் கோடுகளும் கரைந்து போயின. அந்த டிஸ்பிளேயைக் காப்பாற்ற வழியே இல்லை.

முதல் அறிகுறி: யாரும் தொடாமலே தானாக அழுத்துகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். தானாக ஆப் திறக்கும், தானாக யாருக்கோ போன் போகும், தவறான பாஸ்வேர்டு அடித்து அடித்துப் போனே பூட்டிக்கொள்ளும். எப்போது வருகிறது என்பதைப் பார்த்துத்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும்.

*கை ஈரமாக இருக்கும்போது, திரை நனைந்தபோது மட்டும் வந்தால்*

பழுது இல்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நன்றாக மின்சாரம் கடத்தும். போன் திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, கடத்தும் பொருள் அருகில் வந்ததா என்றுதான் பார்க்கிறது. ஒரு சொட்டுக் கடல்நீர் நின்றால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். படகில் எடுத்துப் போகிறவர்கள் நல்ல தண்ணீரில் பிழிந்த சின்னத் துணி ஒன்றை ஜிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

*காலையில் வருகிறது, மதியம் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால்*

இதைச் சொன்னாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி ஈரம் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரமாகிவிடும். நம் கரையில் இரவெல்லாம் ஈரக்காற்று. திரை ஓரத்தில் காய்ந்து கிடக்கும் உப்பு விடியும்போது ஈரமாகும், வெயில் ஏறியதும் காயும். பழுதும் அதோடு வந்து அதோடு போகும்.

சோதிக்கும் முறை: போனை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்து அடியுங்கள். டெம்பர் கிளாஸின் விளிம்பை ஒட்டி மாவு தூவிய மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் உப்பு. பவுச்சைக் கழற்றுங்கள், டெம்பர் கிளாஸை எடுத்துவிடுங்கள். ஒட்டிய காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். அதன் அடியில்தான் உப்பு உட்கார்ந்திருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஓரங்களை இருமுறை துடைத்து, உலர்த்தி, ஒரு நாள் டெம்பர் இல்லாமலே வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை பழுது வரவில்லை என்றால் வேலை முடிந்தது. ஸ்பீக்கர் வலையிலும் சார்ஜிங் ஓட்டையிலும் தண்ணீர் விடாதீர்கள். அங்கே ஐபிஏ தொட்ட பட்ஸ் போதும்.

துடைத்தபின் இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. ஓர ஒட்டுப் பசை விட்டிருக்கும். இனிமேல் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும், கடைக்குக் கொண்டுபோங்கள். தள்ளிப்போட வேண்டாம். உள்ளே போன ஈர உப்பு, மின்சாரம் ஓடும் ஐடிஓ கோட்டோடு சேர்ந்தால் அரிப்பு தொடங்கிவிடும். இந்த வாரம் சுத்தம் செய்தால் போதும் என்றிருப்பது அடுத்த மாதம் டிஸ்பிளே மாற்றும் செலவாகிவிடும்.

*சார்ஜ் போட்டால் மட்டும் வந்தால்*

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே நின்றால் குற்றம் சார்ஜரில். மலிவு சார்ஜரும், படகு பேட்டரியில் மாட்டும் மலிவு அடாப்டரும் டச்சுக்குள் மின்சார இரைச்சலைக் கலக்கும். போனோடு வந்த சார்ஜரில், வீட்டு பிளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் சார்ஜரை மட்டும் மாற்றினால் போதும்.

*எப்போதும் வருகிறது, ஒரே இடத்தில் வருகிறது என்றால்*

போனைத் தட்டையான மரப்பலகையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பின்மூடியோ திரையோ உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கி டிஸ்பிளேயை அழுத்துகிறது. அப்படியே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தி மூடப் பார்ப்பதும், ஊசியால் குத்திப் பார்ப்பதும், சார்ஜ் போடுவதும் ஆபத்து; லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். இந்த ஒன்றில் வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது.

வீக்கம் இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘பாயிண்டர் லொகேஷன்’ போட்டுவிடுங்கள். இப்போது திரையில் எங்கே தொடுகை பதிந்தாலும் சிலுவைக் கோடு விழும். போனை மேஜையில் வைத்துக் கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் கவனியுங்கள். கோடுகள் திரை முழுக்கத் தாவினால் ஈரம் அல்லது மின் இரைச்சல். ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த வரிசைக் கோட்டிலோ கனெக்டரிலோ கோளாறு. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

இரண்டாவது அறிகுறி: ஒரு பட்டை மட்டும் வேலை செய்யவில்லை

கீபோர்டில் ஒரு வரிசை எழுத்து மட்டும் அடிக்காது. அல்லது திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் அகலம் செத்திருக்கும்.

முதலில் போனைத் திருப்பிப் பாருங்கள். படம் குறுக்காகச் சுழன்ற பிறகும் செத்த பட்டை கண்ணாடியில் அதே இடத்தில் நின்றால் உறுப்பில் கோளாறு. படத்தோடு சேர்ந்து இடம் மாறினால் ஆப்பில் அல்லது சாப்ட்வேரில் கோளாறு. ரீஸ்டார்ட், அப்டேட் பண்ணிப் பார்க்கலாம். இந்த ஒரு சோதனை செய்யாமல் டிஸ்பிளே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகும் பட்டை அப்படியே இருந்தது.

உறுப்பில்தான் என்று தெரிந்தபின், செலவு குறைந்ததிலிருந்து போகலாம். டெம்பர் கிளாஸையும் பவுச்சையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். விளிம்பில் இறுக்கும் பவுச் சில போன்களில் ஓரப் பட்டையைக் கெடுக்கும். அடுத்தது கனெக்டர். இதற்குப் போனைத் திறக்க வேண்டும், சூடு காட்ட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக் கடைக்காரரிடம் சொல்லிச் செய்வது நல்லது. “டிஸ்பிளே மாத்துறதுக்கு முன்னால கனெக்டரைக் கழற்றிக் கிளீன் பண்ணிப் பாருங்கண்ணே” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடல் போனைத் திறந்தால் கனெக்டரின் சின்னச் சின்னப் பற்களுக்கு நடுவே பச்சைப் படிவம் இருக்கும்; செம்பும் உப்பும் சேர்ந்து உண்டாவது. ஐபிஏவில் மென்பிரஷ் தொட்டு அதை எடுத்து, காயவைத்து, திரும்ப அழுத்தி மாட்டினால் பட்டை உயிர்பெற்று எழும் போன்கள் நிறைய.

கனெக்டர் சுத்தம், ஆனாலும் பட்டை செத்தேதான் இருக்கிறது என்றால் மூன்று இடம் மிச்சம். மடிந்து கீறல் விட்ட ஸ்ட்ரிப், அறுந்த ஐடிஓ கோடு, போர்டில் டச் ஐசி (தொடுகையைக் கவனிக்கும் சிப்). ஐடிஓ கோட்டைக் கண்ணால் பார்க்க முடியும். தனி டச் கிளாஸ் உள்ள சாதனமாக இருந்தால், அணைத்த திரையை டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கட்டம் கட்டமாகவோ வைர வடிவிலோ மங்கிய கோலம் மின்னும். அதுதான் பூச்சு. ஓரத்தில் அந்தக் கோலம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கலங்கி, செத்த பட்டைக்கு நேராக வந்து நின்றால் உப்பு அரித்த இடம் அது. கீழே விழுந்து கண்ணாடி கீறியிருந்து, அந்தக் கீறல் பட்டையைக் குறுக்கே வெட்டினால் கோடு அங்கே அறுந்திருக்கிறது. இரண்டிலும் பேனல் மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. சில்வர் பெயின்ட் தடவிச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மயிரிழை போல நெருங்கிய கோடுகளில் அது நிற்காது.

பட்டை செத்த போனுக்கு “மேல் கிளாஸ் மட்டும் மாத்தினா போதும், காசு குறையும்” என்று சொன்னாலும் ஏமாறாதீர்கள். இப்போதுள்ள பல போன்களில் தொடு அடுக்கு டிஸ்பிளேயோடு சேர்ந்தது. மேல் கண்ணாடி வெறும் மூடி. மூடியை மாற்றினால் கீறல் மறையும், பட்டை மறையாது.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் உண்டு. மேல் கண்ணாடி சிலந்திவலை மாதிரி உடைந்திருக்கும், டச் அருமையாக வேலை செய்யும். உள்ளூரில் இருக்கிறவர்கள் அப்படியே ஓட்டிவிடலாம். கடலுக்குப் போகிறவர்கள் கூடாது. கீறல் வழியாக உப்பு ஈரம் நேராக உள்ளே இறங்கும். மாற்றக் காசு சேரும்வரை அன்றைக்கே அகலமான செல்லோடேப்பை இரண்டு ஓரமும் மூடும்படி ஒட்டிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் டிஸ்பிளே பிழைக்கும்.

மூன்றாவது அறிகுறி: தொடுவது ஓரிடம், வேலை செய்வது வேறிடம்

இது பெரும்பாலும் அழுத்தும் வகை டச்சில் வரும்: பழைய ஜிபிஎஸ், பில் போடும் மெஷின். எந்த வகை என்று தெரியாவிட்டால் நகத்தால் மெல்ல அழுத்துங்கள். நகத்துக்கும் வேலை செய்தால் அழுத்தும் வகை. மேலே வளையும் பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, இரண்டின் உள்முகத்திலும் ஐடிஓ. அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். ஈரக்கைக்கு இந்த வகை நன்றாக வேலை செய்யும். ஆனால் வளையும் தாளில் இருக்கும் ஐடிஓதான் சீக்கிரம் விரிசல் விடும்.

போனில் இது எரிச்சல் தரும் விஷயம், அவ்வளவுதான். இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வலை போடும் படகின் ஜிபிஎஸ்ஸில் அப்படி இல்லை. தொடுகை அரை விரல் விலகினால் பக்கத்து வே பாயிண்ட் (ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த இடம்) தேர்வாகும். இராத்திரியில் அதைக் கவனிக்காமல் போனால் என்ன நடக்கும் என்பது நம் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதனால் இந்தப் பகுதியில் பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

முதலில் ஓரச் சந்து. சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் உப்பும் மணலும் இறுகி, யாரும் தொடாதபோதும் தாளை அழுத்திக்கொண்டிருக்கும். பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு அண்ணன் கொண்டுவந்த ஜிபிஎஸ் எங்கே தொட்டாலும் இடது கீழ் மூலைக்கே இழுத்தது. “புதுசு வாங்கிடலாமா தம்பி?” என்றார். பழைய போஸ்ட் கார்டை மூலையாகக் கிழித்துச் சந்தில் விட்டு இழுத்தேன். அரிசியில் பாதி அளவு உப்புக் கட்டி ஒன்று வந்து விழுந்தது. அதோடு சரியாகிவிட்டது. கத்தி, குண்டூசி வேண்டாம், தாள் கிழியும். அட்டையும் மென்பிரஷும் போதும்.

அடுத்து கேலிப்ரேஷன், அதாவது தொடும் இடத்தைக் கருவிக்குத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது. மெனுவில் இருக்கும். தடித்த விரலால் செய்யாமல், முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் சிலுவைக் குறியின் நடுவில் அழுத்துங்கள். ஒரு வாரம் நிலைத்தால் நல்லது. ஒரே வாரத்தில் இரண்டாவது முறை விலகினால் அந்தத் திரையை நம்பிப் படகெடுக்க வேண்டாம். தாளின் பூச்சு விரிசல் விட ஆரம்பித்துவிட்டது.

உறுதிசெய்ய மல்டிமீட்டர். பேட்டரி இணைப்பைக் கழற்றி, டச் ஸ்ட்ரிப்பைப் பிடுங்கி, அதன் நான்கு கால்களில் அளக்க வேண்டும். இரண்டு கால் ஒரு ஜோடி, ஒரு ஜோடிக்கு ஓர் அடுக்கு. ஜோடிக்குள் சில நூறு ஓம் காட்டுவது சாதாரணம். ஒரு ஜோடி ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஸ்ட்ரிப்போ ஓரக் கடத்திப் பட்டையோ அறுந்திருக்கிறது. அடுத்து ஒரு ஜோடியிலிருந்து ஒரு கால், மற்ற ஜோடியிலிருந்து ஒரு கால் எடுங்கள். யாரும் தொடாதபோது ஒன்றும் காட்டக்கூடாது. ஏதாவது எண் காட்டினால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. இப்போது விரலால் அழுத்தி, ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள். எண் வழுக்கிக்கொண்டே மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அந்த இடத்தில் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. எனக்கு வந்த ஜிபிஎஸ்களில் அந்த இடம் பெரும்பாலும் ஜூம் பட்டன் விழும் மூலைதான். நாள் முழுக்க அழுத்துகிற இடம் அது. முனைக் கம்பியை ஸ்ட்ரிப்பின் கால்களில் மட்டும் வையுங்கள், பூச்சின் மேல் வைத்தால் கீறிவிடும்.

விரிசல் விட்ட டச் பேனலைத் தனியாக வாங்கி மாற்ற முடியும். அளவும் கால் வரிசையும் பொருந்த வேண்டும். தண்ணீர் புகாத சாதனத்தைத் திறந்து மூடும்போது ரப்பர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அது திரும்பி வரும்வரை பட்டன் வைத்த கைஜிபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், படகுக்குப் பட்டன் உள்ள கருவிதான் நல்லது. வாக்கிடாக்கியும் தனியாக இருக்கட்டும். ஆபத்துக்குக் கூப்பிட விஎச்எஃப் 16ஆவது சேனல், இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. டச் செத்த போனை நம்பி ஜிபிஎஸ்ஸையும் வாக்கிடாக்கியையும் விட்டுவிடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கருவிகள் கேபினிலேயே பிளாஸ்டிக் பைக்குள் கிடப்பதைப் பார்க்கிறேன். உப்போடு பைக்குள் கட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லை. கழற்றி, டிஸ்டில்ட் வாட்டரில் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வீட்டில் வையுங்கள்.

நான்காவது அறிகுறி: படம் தெரிகிறது, டச் மொத்தமாக இல்லை

ஓடிஜி வழியாக மவுஸ் மாட்டுங்கள். அம்பு நகர்ந்தால் போனின் மூளை நன்றாக இருக்கிறது. முதல் வேலையாக போட்டோ, நம்பர், வங்கி ஆப் எல்லாவற்றுக்கும் வேண்டிய பேக்கப்பை மவுஸ் வைத்தே எடுத்துவிடுங்கள். அப்புறம் கனெக்டர், ஸ்ட்ரிப், டிஸ்பிளே, போர்டு என்ற வரிசையில் கடைக்காரர் பார்க்கட்டும். மொத்தமாக ஒரே நாளில் போனால் பெரும்பாலும் கனெக்டர் அல்லது ஸ்ட்ரிப். அரிப்பு இவ்வளவு சீராக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொல்லாது. போர்டு வேலை என்று சொன்னால் செலவை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.

ஐந்தாவது அறிகுறி: தராசில் 8 என்பது 6 போலத் தெரிகிறது

எண்ணை உருவாக்கும் சின்னக் கோடுகளில் ஒன்று (கால் என்போம்) காணாமல் போகும். ஏலக்கூடத்தில் சண்டை வருவது இதனால்தான். எடை சரியாகத்தான் இருக்கும், காட்டுவதுதான் தப்பு.

முதல் சோதனை: தராசை அணைத்துப் போடுங்கள். தொடங்கும்போது எல்லாக் கால்களும் சேர்ந்து 888888 என்று எரியும் மாடல்கள் உண்டு. அப்போதே அந்தக் கால் இல்லையென்றால் டிஸ்பிளே பக்கம் கோளாறு. டிஸ்பிளேயின் சட்டத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது கால் திரும்ப வந்தால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ஜீப்ரா ரப்பரில் அழுக்கு. கண்ணாடி விளிம்பின் ஐடிஓ கோடும் போர்டும் அந்த வரிவரியான ரப்பர் வழியாகத்தான் தொடுகின்றன. ஐபிஏ தொட்டு மூன்றையும் துடைத்து மாட்டினால் போதும். கண்ணாடி விளிம்பை மட்டும் அழிரப்பரோ எமரித் தாளோ கொண்டு தேய்க்க வேண்டாம், கோடு போய்விடும்.

அழுத்தியும் வரவில்லையென்றால் விளிம்புக் கோடு அரித்திருக்கிறது. டிஸ்பிளே மாற்ற வேண்டும்.

ஆனால் ஒன்று. வியாபாரத் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கும். அதை உடைத்து நீங்களாகத் திறக்கக் கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மறுமுத்திரை போட்டு வாங்குங்கள். எடுக்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் நம்பிக்கை அதில்தான்.

ஆறாவது அறிகுறி: கடலில் விழுந்துவிட்டது

இதில் நேரம்தான் மருந்து. எடுத்தவுடன் அணையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உப்பு ஈரத்தில் மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கனெக்டரும் பூச்சும் அரிக்கும்.

அடுத்தது பலர் பயப்படும் வேலை: நல்ல தண்ணீரில் அலசுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் குடிதண்ணீர். உள்ளே கடல்நீர் காய்ந்து உப்பாக உறைவதைவிட நல்ல தண்ணீர் இருப்பது எவ்வளவோ மேல். ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரக்குறி) என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நன்னீரில் செய்வது. கடல்நீருக்கு அது பொருந்தாது.

அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது, மாவுதான் ஓட்டைக்குள் போகும். ஹேர் டிரையரின் சூடு பசையை இளக்கும், அதுவும் வேண்டாம். துணியில் ஒற்றி எடுத்து, அன்றைக்கே திறக்கக்கூடிய கடைக்குக் கொண்டுபோங்கள். போர்டை வெளியே எடுத்து ஐபிஏவில் கழுவ வேண்டும். மறுநாள் போகலாம் என்று விட்டால் கனெக்டர் பச்சையாகிவிடும்.

சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் மடியில் சொருகியிருந்த போனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். எடுத்தவுடன் அணைத்து, குடிக்கக் கொண்டுபோயிருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி அலசி, மதியத்துக்குள் வந்துவிட்டார். “தண்ணிய ஊத்தினது தப்பா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். தப்பே இல்லை, அவர் செய்ததுதான் போனைக் காப்பாற்றியது. திறந்தபோது கனெக்டர் இன்னும் பளபளவென்று இருந்தது. கழுவிக் காயவைத்து மாட்டினேன், எழுந்துவிட்டது. திரையின் அடியில் ஒரு பட்டை மட்டும் வரவில்லை, கீபோர்டில் ஸ்பேஸ் விழும் வரிசை. டிஸ்பிளே மாற்றக் காசு இப்போது இல்லை என்றார். கீபோர்டு செட்டிங்ஸில் மிதக்கும் கீபோர்டைப் போட்டு, அதை இரண்டு விரல் அளவு மேலே தூக்கி வைத்துக் கொடுத்தேன். மகளுக்கு அதிலேயே ஒரு மெசேஜ் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.